திமிலைத் தழுவியவர் அறிவது

தமிழகத்தில் ஒவ்வோர் ஆண்டும் முதல் வாடிவாசலைத் திறக்கும் பேறு, புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வகோட்டைப் பகுதியிலுள்ள தச்சங்குறிச்சிக்கு வாய்த்திருக்கிறது. அவ்வூர் விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் புத்தாண்டு விழாவையும் வரவிருக்கும் பொங்கலையும் ஒட்டி, அவனியாபுரமும் பாலமேடும் அலங்காநல்லூரும் களம் காண்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பாகவே அங்கே காளைகள் சீறிப் பாய்ந்துவிடுகின்றன. 2023-ஆம் ஆண்டில் ஜனவரி 8-ஆம் நாளும், 2024-இல் ஜனவரி 6-ஆம் நாளும், 2025-இல் ஜனவரி 4-ஆம் நாளும் அந்த வாடிவாசல் திறந்தது. அன்று எழும் ஆரவாரம் மே மாத இறுதி வரை மாவட்டமெங்கும் ஊர்விட்டு ஊர் பரவும்.

ஆலய விழாவுக்கும் ஏறுதழுவலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு தச்சங்குறிச்சிக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் மாவட்டத்துக் கொசவபட்டி, உலகம்பட்டி போன்ற ஊர்களிலும் அந்தோணியார் திருவிழாவை ஒட்டியே ஜல்லிக்கட்டு நடைபெறுகின்றது. கால்நடைகளின் பாதுகாவலர் எனப் போற்றப்படும் வனத்து அந்தோணியாரின் திருநாள் ஜனவரி 17. மாட்டுப் பொங்கலோ அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாக வருவது. உழவர் குடியிற் பிறந்த கிறிஸ்தவனுக்கு இவ்விரு நாள்களும் ஒன்றோடொன்று கைகோத்து நின்றதில் வியப்பில்லை.

ஆகவே இது எங்கோ நடக்கும் வேடிக்கை அன்று. நம் பங்குகளில், நம் இல்லங்களில் நிகழும் காரியம். களத்தில் இறங்குகிறவன் நம் மகன். காளையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் நம் அண்டை வீட்டார். தடுப்பின்மேல் ஏறி நின்று கூவுகிறவர்கள் நம் பிள்ளைகள். இதன் பெருமையைப் பாடியவர் பலர். இதனைக் கொடுமை என்று இகழ்ந்தவரும் பலர். திமிலைத் தழுவியவன் உண்மையில் என்ன காண்கிறான், என்ன உணர்கிறான் என்பதைக் கேட்டவர் சிலரே. அதனை அறியாமல் பிள்ளைக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் ஒன்றுபோலவே அறியாமை ஆகும் அன்றோ?

காத்திருத்தல் எனும் முதற் சோதனை

தடுப்புக்கு வெளியே நிற்பவர் காண்பது பாய்ச்சலையும் பிடியையும் மட்டுமே. உள்ளே நிற்பவனுக்கு அன்றைய நாளின் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிகின்றது. முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்து, விடியுமுன் வந்து, மருத்துவர் முன் வரிசையில் நின்று, எடையும் இரத்த அழுத்தமும் பார்த்து, மது அருந்தவில்லை என்று உறுதி செய்த பின்னரே எண் பொறித்த பனியன் அவன் கைக்கு வரும். அதிகாரிகள் முன்னிலையில் உறுதிமொழி எடுக்க வேண்டும். பின்னர், குழுக் குழுவாகப் பிரித்துக் களத்தினுள் விடுவார்கள். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்திற்காகப் பலர் நண்பகல் கடந்தும் வெயிலில் காத்துக் கிடப்பதுண்டு. அன்று முழுவதும் காத்திருந்தும் ஒரு காளையையும் தொடாமல் வீடு திரும்புவோரே மிகப் பலர்.

முதலில் வருவது கோயில் காளை. அதனை எவரும் பிடிப்பதில்லை, வணங்கி வழிவிடுவர். அதன்பின் ஒவ்வொன்றாக வருபவை போட்டிக் காளைகள். வாடிவாசல் என்பது ஒரு காளை மட்டுமே நுழையத்தக்க குறுகிய வாயில். அதன் பின்னே மூக்கணாங்கயிறு அறுபடும் ஓசையோ, ஒலிபெருக்கியில் காளைக்காரர் பெயரும் பரிசும் அறிவிக்கப்படும் குரலோ கேட்டதும், வாயிலின் இரு மருங்கும் நிற்கும் இளைஞர் உடலை ஒடுக்கிக் கொள்வர். அக்கணத்தில் நாவறண்டு போகும். கால் தன்வயத்தில் நடுங்கும். ஊரே கூவினாலும் அவ்வோசை எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் மங்கிவிடும். அச்சமில்லாதவன்தான் வீரன் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. களத்தில் பழகியவர்களோ அச்சமே இல்லாதவனை அருகில் நிறுத்த விரும்புவதில்லை. அவன் தன்னையும் கெடுத்துப் பிறரையும் கெடுப்பான் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

அந்தச் சில நொடிகள்

காளை வெளியேறும் வேகத்தில் அதன் முகத்திற்கு நேர் நிற்பவன் மடையன். பிடிக்கிறவன் பக்கவாட்டில் நின்று, தலையும் கொம்பும் தன்னைக் கடந்த அரைக் கணத்தில், திமிலின்மேல் பாய வேண்டும். முந்தினால் கொம்பு, பிந்தினால் பின்னங்கால் உதை. நடுவே உள்ள இடைவெளி ஒரு கண்ணிமைப்பே.

திமில் என்பது கைக்கு அடங்கும் கைப்பிடி அன்று. தசை திரண்டு, தோல் வழுக்கி, ஒவ்வொரு துள்ளலிலும் இடமும் வலமும் அசையும் உயிர்க்குன்று அது. சிலர் காளைக்கு எண்ணெய் பூசி அனுப்பியதும் உண்டு. இன்று அது விதிக்கு மாறானது. விரல்களால் பற்றினால் நழுவிவிடும். இரு கைகளையும் வளைத்து, மார்பைக் காளையின் விலாவோடு ஒட்டி, தலையைத் திமிலுக்குப் பின்னே புதைத்து, உடல் முழுவதையும் ஒரே கட்டாக ஆக்கித் தழுவ வேண்டும். பழந்தமிழர் இதற்கு ஏறுதழுவல் என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! கலித்தொகையின் முல்லைக்கலியில் இக்காட்சியைப் பாடிய புலவர்கள் தொலைவில் நின்று பார்த்தவர்கள் அல்லர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

தழுவியவுடன் தரை காலைவிட்டுப் போய்விடும். 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்ட உயிரொன்று துள்ளும்போது, அதன் பக்கத்தில் தொங்கும் மனிதன் ஈரத் துணிபோல் வீசப்படுகிறான். தோள்மூட்டு கழன்றுவிடுவதுபோல் இழுபடும். காளையின் வெம்மூச்சும் வியர்வை நாற்றமும் முகத்தில் அறையும். அதன் இதயம் துடிப்பது தன் மார்பில் கேட்கும் என்று பிடித்தவர் பலரும் சொல்வர். மூன்று துள்ளல், அல்லது குறித்த எல்லைக்கோடு. அதுவரை ஒருவனாகத் தாங்கினால் வெற்றி. கொம்பைப் பற்றினாலோ, வாலைப் பிடித்தாலோ, இருவர் சேர்ந்து தொங்கினாலோ அப்பிடி செல்லாது.

பிடிப்பதைவிட விடுவதே கடினம் என்பதைக் களம் கண்ட ஒவ்வொருவனும் அறிவான். பிடிக்கும்போது காளையின் வேகம் துணைசெய்யும். விடும்போது அது எதிரியாகிவிடும். தவறான பக்கம் விழுந்தவனைக் காளை திரும்பி ஒரே குத்தில் தூக்கிவிடும். ஆதலால் கை தளர்வதற்கு முன்பே எந்தப் பக்கம் விலகுவது என்று மனம் முடிவு செய்திருக்க வேண்டும். விழுந்தால் எழுந்து ஓடாமல் தலையைக் கைகளால் மூடி அசையாது கிடப்பதே நலம் என்பது மூத்தோர் சொல்லும் பாடம். சிவப்பு நிறத்தைக் கண்டு காளை சினக்கிறது என்பது கட்டுக்கதை. அதன் கண் தேடுவது அசைவை.

குத்துச்சண்டையும் ஏறுதழுவலும்

உடலைப் பணயம் வைக்கும் விளையாட்டுகளில் உலகம் முழுதும் அறிந்தது குத்துச்சண்டை. 1980-ஆம் ஆண்டில் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது தமிழகமே திரண்டு பார்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1984-இல், அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தனர். 2016-இல் அவர் இறக்கும்வரை அந்நோய் அவரை விடவில்லை. அவருடைய நோய்க்குக் குத்துகளே காரணமா என்பது மருத்துவர் வாதிடும் பொருள். எனினும், தலையில் பலமுறை பட்ட அடி மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் என்பது 1928 முதலே மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டு வரும் உண்மை. மேடையில் வாங்கிய அடிக்குக் கணக்குத் தீர்ப்பது சில வேளை முதுமையில்தான்.

குத்துச்சண்டை மேடையேறியவரும் வாடிவாசலில் நின்றவரும் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அடி விழும் கணத்தில் வலி தெரிவதில்லை. மூச்சுத்தான் முதலில் தோற்கிறது. சினம் கொண்டவன் தோற்பான். மூன்று நிமிடம் என்பது மூன்று மணி நேரம்போல் நீளும். ஆயின் ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. குத்துச்சண்டையில் எடைக்கு எடை பார்த்தே இருவரை எதிரெதிர் நிறுத்துவர். கையுறை உண்டு. நடுவர் இடைபுகுந்து நிறுத்துவார். வீழ்ந்தவனுக்குப் பத்து எண்ணும்வரை எவரும் அவனைத் தொடலாகாது. வாடிவாசலிலோ 60 கிலோ மனிதனும் அவனைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ள காளையும் எதிர்ப்படுகின்றனர். விழுந்தவனுக்கு எண்ணிக்கை கிடையாது. காளைக்கு நடுவரின் சீழ்க்கை புரியாது. அது விளையாட வந்ததும் அன்று. கூட்டத்திலிருந்து தப்பி வீடு சேர விரும்பும் உயிர் அது.

நம் மாவட்டத்தின் தென்பகுதியில் நடைபெறும் வடமாடு இதனின்று சற்று மாறுபட்டது. அங்கே காளையை நீண்ட வடத்தில் கட்டி வட்டக் களத்தில் விடுவர். ஒன்பது பேர் கொண்ட குழு, 20 அல்லது 25 நிமிடத்திற்குள் அதனை அடக்க வேண்டும். அங்கே ஒருவனுடைய துணிவைவிட ஒன்பது பேரின் ஒற்றுமையே வெல்லும். ஒருவன் காளையின் கவனத்தை ஈர்க்க, மற்றொருவன் திமிலுக்குப் பாய்வான். நண்பன் சரியான கணத்தில் குரல் கொடுப்பான் என்ற நம்பிக்கையிலேதான் ஒருவன் உயிர் தங்கியிருக்கும்.

காளை வளர்த்தவர் அறிவது

களத்தில் எமன்போல் தோன்றும் காளையை வீட்டுத் தொழுவில் கண்டவர் திகைத்துப் போவர். பருத்திக்கொட்டையும் உளுந்தும் தேங்காயும் ஊட்டி, நாள்தோறும் நடை பழக்கி, குளத்தில் நீந்தவிட்டு, மண் மேட்டில் கொம்பால் குத்தப் பழக்கி, பிள்ளையைப்போல் அதனை வளர்ப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்களே. அவர்கள் குரல் கேட்டால் அது தலை தாழ்த்தும். அறியாத கைகள் நெருங்கும்போது மட்டுமே அது கொம்பைத் தூக்கும். பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு. அப்பரிசு கட்டிலோ மிதிவண்டியோ வெள்ளிக் காசோ எதுவாயினும், அதனைக் கொண்டுவரும் காளை அவ்வீட்டின் மதிப்பையே சுமந்து வருவதாக ஊரார் எண்ணுவர்.

காளைக்கும் ஆபத்து உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2018 பிப்ரவரியில் நம் மாவட்டத்துத் தென்னலூரில் நடந்த ஜல்லிக்கட்டில், கொம்பன் என்று புகழ்பெற்றிருந்த காளை வாடிவாசலின் மரத்தூணில் மோதி வீழ்ந்து உயிரிழந்தது. எவரும் அடக்கமுடியாத காளை என்று பேரெடுத்த அதனை அடக்கியது ஒரு மரத்தூண்.

கொம்பு செய்யும் காயம்

குத்துப்பட்டவர்களைக் காணும் மருத்துவர்கள் முதலில் எச்சரிப்பது, காயத்தின் வாயைப் பார்த்து அதன் ஆழத்தை அளவிடாதீர் என்பதே. கொம்பு உள்ளே நுழைந்ததும் காளை தலையை உலுக்கும். மனிதனும் அதன்மேல் சுழல்வான். வெளியே இரண்டு விரற்கடை அளவே தோன்றும் துளைக்குப் பின்னே, உள்ளே பல திசைகளில் தசை கிழிந்திருக்கும். தொடையின் மேற்பகுதியில் ஓடும் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். வயிற்றில் மொத்துண்டவனுக்கு வெளியே ஒரு கீறலும் இல்லாதிருக்கலாம். ஆனால் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து இரத்தம் தேங்கிக் கொண்டிருக்கும். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுந்து நடந்தவன், மாலையில் மயங்கி விழுவது இதனாலேயே.

எனவே ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருக்க வேண்டியவை சில உள. இரத்தம் பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவர் கையில் ஒப்படைக்கும்வரை அழுத்தத்தைத் தளர்த்தலாகாது. குடல் வெளிவந்திருப்பின் அதனை உள்ளே தள்ளாமல் ஈரமான தூய துணியால் மூட வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் ஆதலால் தண்ணீரோ சோடாவோ புகட்டலாகாது. முதுகெலும்பில் அடிபட்டவனை இருவர் கைகால் பிடித்துத் தூக்கி ஓடலாகாது; பலகையில் கிடத்தியே எடுக்க வேண்டும். கொம்பில் மண்ணும் சாணமும் ஒட்டியிருக்கும் ஆதலால் சிறு கீறலுக்கும் தடுப்பூசி இன்றியமையாதது. களத்தில் நிற்கும் மருத்துவக் குழுவினரைக் கடந்து, சொந்த வண்டியில் தூக்கிப் போடும் அவசரமே சிலர் உயிரைக் குடித்திருக்கிறது.

தழும்பு பெருமை தரும் என்பது உண்மைதான். ஆனால் நாற்பது வயதில் தோளை உயர்த்த முடியாமல், வயலில் மண்வெட்டி பிடிக்க முடியாமல் தவிப்பவனுக்கு அப்பெருமை சோறு போடாது.

மடிபவர் யார்?

காளையை எதிர்கொண்டு பாய்கிறவனே மிகுதியும் மடிகிறான் என்றுதான் நாம் எண்ணுகிறோம். நடந்தவை வேறு கதை சொல்கின்றன. 2019 ஜனவரி 20-ஆம் நாள் விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு, உலகச் சாதனை என்று அறிவிக்கப்பட்டது. அன்று அங்கே உயிரிழந்த இருவரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். 2025 ஜனவரி 16, காணும் பொங்கலன்று, தமிழகத்தின் பல ஊர்களிலுமாக ஒரே நாளில் ஏழு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பார்வையாளரும் காளைக்காரரும் ஆவர்.

காரணம் அறிவதற்கு அரியதன்று. களத்தினுள் நிற்பவன் காளையை எதிர்நோக்கி விழித்திருக்கிறான். உடற்சோதனை முடித்து, பயிற்சியோடு, மருத்துவக் குழுவின் கண்முன் நிற்கிறான். காளையோ எல்லைக்கோட்டைத் தாண்டியபின் அடங்கிவிடுவதில்லை. அதன் அச்சமும் வேகமும் உச்சத்தில் இருக்கும்போதுதான் வெளியே ஓடுகிறது. அங்கே, காளைகளைப் பிடித்துக் கட்டும் திடலில், கயிறும் கையுமாய் உரிமையாளர் நிற்கிறார். வழியில் கைப்பேசியில் படமெடுத்தபடி இளைஞர் நிற்கின்றனர். தின்பண்டம் வாங்கப் போன சிறுவனும் அங்கேதான் நிற்கிறான். ஒரு காளையைப் பிடிக்க முயலும்போது பின்னால் மற்றொரு காளை வருவதை எவரும் காண்பதில்லை. வீரனுக்குப் பயந்து மகனைத் தடுத்த தாய், காளை பிடிக்கும் திடலுக்குக் கணவரைத் தடையின்றி அனுப்புகிறாள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை நாம் சரியாக அறியாததன் விளைவு இது.

சட்டம் வந்த வழி

1867-இல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள்தாம் குத்துச்சண்டைக்குக் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் பத்து எண்ணிக்கையையும் தந்தன. 1982 நவம்பரில் தென்கொரிய வீரர் கிம் டக்-கூ, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 14-ஆம் சுற்றில் வீழ்ந்து சில நாளில் மாண்ட பின்னரே, 15 சுற்றுகள் 12 ஆகக் குறைக்கப்பட்டன. விளையாட்டின் விதிகள் பலவும் இவ்வாறு இறந்தவர் பெயரால் எழுதப்பட்டவையே.

நம் நாட்டிலும் அவ்வாறே. 2009-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் தமிழகமெங்கும் இளைஞர் திரண்டெழுந்ததன் பின், அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து சட்டத் திருத்தமும் பிறந்தன. தடை நீங்கிய மறுநாள், ஜனவரி 22 அன்று, நம் மாவட்டத்து இராப்பூசலில் நடந்த ஜல்லிக்கட்டில் இருவர் உயிரிழந்தனர். உரிமையை மீட்ட மகிழ்ச்சியும் உயிரை இழந்த துயரமும் ஒரே ஊரில் ஒரே நாளில் நிகழ்ந்தன. 2023 மே 18-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே 2023-இல், குறித்த நாளில் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு நடைபெறவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறைவாக இல்லை என்று அனுமதி தள்ளிவைக்கப்பட்டு, அவை சரிசெய்யப்பட்ட பின்னரே வாடிவாசல் திறந்தது. அன்று முணுமுணுத்தவர் இருந்திருப்பர். ஆனால் இரண்டு நாள் பொறுத்ததால் எவருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தள்ளிவைத்த நாள் கலண்டரில் மீண்டும் வரும். போன உயிர் வருமோ?

திருச்சபை என்ன சொல்கிறது?

மாட்டுக்கும் மனிதனுக்கும் நடக்கும் போரைப் பற்றித் திருச்சபை கவலை கொண்டது இன்று நேற்றன்று. 1567-ஆம் ஆண்டு பாப்பரசர் புனித ஐந்தாம் பத்திநாதர், ஸ்பெயின் முதலிய நாடுகளில் நடந்த காளைப்போரைக் கடுமையாகத் தடை செய்தார். அதை நடத்தும் அரசர்களையும் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். அதில் மாண்டவர்க்குக் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தார். மக்கள் அதைக் கைவிடவில்லை. எட்டாண்டு கழித்து, 1575-இல், பதின்மூன்றாம் கிரகோரியார் பொதுநிலையினர்க்கு அத்தடையைத் தளர்த்தினார்.

ஸ்பெயின் காளைப்போரில் காளை வாளால் கொல்லப்படும். நம் ஏறுதழுவலில் ஆயுதம் இல்லை. பிடிபட்ட காளையும் பிடிபடாத காளையும் வீடு திரும்புகின்றன. ஆகையால் அத்தடையை இதன்மேல் ஏற்றுதல் முறையன்று. எனினும், அன்று பாப்பரசரைத் துயருறுத்தியது காண்போர் களிப்புக்காக மனித உயிர் மலிவாக்கப்பட்டதே. உயிர் நமக்குச் சொந்தமானதன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது திருச்சபையின் மாறாத போதனை. ஆலய விழாவின் பெயரால் நடக்கும் ஜல்லிக்கட்டில் இந்தப் பொறுப்பு இருமடங்காகின்றது. காலையில் காளைகளை மந்திரித்த அதே கோயில் வாசலில் மாலையில் ஒரு தாய் அழுது நிற்றல் தகுமோ?

நம் இல்லங்களுக்கு

மகன் களமிறங்க விரும்புகிறான் என்றால், பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவன் மூத்த வீரரிடம் பழகி, கன்றுகளில் தொடங்கிப் படிப்படியாகப் பயின்றவனா? அல்லது நண்பர் முன் மானம் காக்க ஒரே நாளில் பெயர் கொடுத்தவனா? முறையான அனுமதியும் இரட்டைத் தடுப்பும் மருத்துவக் குழுவும் உள்ள களமா அது? இரவெல்லாம் விழித்தோ, பட்டினி கிடந்தோ, பழைய காயம் ஆறாமலோ செல்கிறானா? வங்கிக் கணக்கு உள்ளவர்க்கு ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தத்தில் 2 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. அவன் அதில் சேர்ந்திருக்கிறானா, அதன் விதிகள் என்னென்ன என்பதை வங்கியில் கேட்டறிந்தோமா?

இவற்றுக்கு நேரிய விடை கிடைத்தால், அச்சத்தோடு அனுமதி தருவதில் பிழையில்லை. கிடைக்காவிடில், அவ்வாண்டு தடுத்து நிறுத்துதலே அன்பு. வேடிக்கை பார்க்கச் செல்லும் குடும்பத்தாரோ, தடுப்புக்குள்ளேயே இருந்து, காளை வெளியேறும் பாதையையும் பிடித்துக் கட்டும் திடலையும் விட்டு விலகியிருத்தல் வேண்டும். சிறுவரை அங்கே அழைத்துச் செல்லவே கூடாது. காளைக்காரரும், தனியாளாக நிற்காமல் பழகிய துணைவரோடு நின்று, மற்ற காளைகள் வரும் திசையைக் கவனிக்க ஒருவரை நிறுத்திவைத்தல் நன்று.

விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை காளைகள் அவிழ்ந்தன என்று பெருமை பேசுவதைவிட, எத்தனை பேர் முழுதாய் வீடு திரும்பினர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையில் ஒன்றும் குறையாத ஆண்டே உண்மையான சாதனை ஆண்டு.

களத்தில் நெடுங்காலம் நின்று உடல் குலையாமல் வெளிவந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிடித்த காளைகளின் கணக்கை அவர்கள் மறந்திருக்கலாம். இந்தக் காளை வேண்டாம் என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட நாளை அவர்கள் மறப்பதில்லை. பாய்வதற்கு ஒரு கணத் துணிவு போதும். ஊரே பார்த்துக் கொண்டிருக்க, ஒதுங்கி நின்று வழிவிடுவதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். அதை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் வாடிவாசல் அன்று; நம் வீட்டுத் திண்ணைதான்.